இரண்டாவது முட்டை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டார்கள். நாட்டுக்கோழிகளின் மரபணு வேறுபாடுகளைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இருக்காது. என்னிடம் இருப்பதெல்லாம் நான் செய்த தப்புகள்தான். அவற்றில் பெரியதைச் சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட முதல் அறிக்கையே தவறானது. அது தவறு என்று நானே ஒரு கிராமத்துத் தெருவில், ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன். சுற்றிலும் முப்பது சேவல்கள் கத்திக்கொண்டிருந்தன.

எழுபதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் திருச்சிப் பக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர் என்பது என் பதவி. வருடா வருடம் நீட்டிப்பு வருமா வராதா என்று காத்திருக்கிற வேலை. ஆய்வுக்கூடம் என்றால் இரண்டு அறை, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி, ஜெல் ஓட்டுகிற ஒரு கருவி. உதவிக்கு முருகையன் என்று ஓர் அட்டெண்டர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆய்வுக்கூடத்தில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வீடு வளர்க்கிற கோழிகளில் எவ்வளவு வேறுபாடு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. ரத்தம் எடுக்க ஊர்க்காரர்கள் ஒப்பமாட்டார்கள். அதனால் முட்டை கேட்டோம். வெள்ளைக்கருவில் ஒரு சொட்டை ஸ்டார்ச் ஜெல்லில் வைத்து மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நகரும். சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியும். எந்தக் கோடு எங்கே விழும் என்பது தாய்வழியும் தகப்பன்வழியும் வருவது. ஒரு கோழி வாழ்நாளில் எத்தனை முட்டை வைத்தாலும் அத்தனையிலும் அதே கோடுகள்தான் வரும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போகிற ஊரின் பெயர் வேண்டாம். ஏம்பலம் தாண்டி, பாகூர் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் உங்களிலேயே யாராவது இருக்கலாம்.

அந்த ஊருக்குள் போன முதல் நாள் என்னால் நேராக நடக்கவே முடியவில்லை. பார்க்கிற பக்கமெல்லாம் ஒரு கோழி நின்று என்னை நிறுத்தியது. கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாமல் சிவந்து தெரிந்த ஒரு பெட்டை. தலையில் பந்துபோலக் கொண்டை வைத்த இன்னொன்று. இறகெல்லாம் சுருண்டு, மழையில் நனைந்து காய்ந்ததுபோல் ஒன்று. என் முழங்கால் உயரத்துக்கு நின்று என்னையே முறைத்த பெருவிடைச் சேவல். புத்தகத்தில் படமாகப் பார்த்ததெல்லாம் குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்தது.

முதல் வீட்டில் வாசலில் நின்றிருந்தவரிடம், உங்கள் வீட்டில் எத்தனை கோழி என்று கேட்டேன். "ஆறு" என்றார். நான் எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆறா? இன்னா ஆறு? அடைகாக்கறது ரெண்டு, மூணு பொட்ட, குஞ்சு விட்டுட்டுச் சுத்தறது ஒண்ணு, சேவலு ரெண்டு. அது இன்னா கணக்கு?"

அவர் மனைவி செங்கேணி. நாற்பது வயது இருக்கும். கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போகிறவர். கோழியெல்லாம் அவர் பொறுப்பு. அந்த நொடியே ஆறை அடித்து எட்டு என்று எழுதிவிட்டு, அன்றிலிருந்து எந்த ஊரிலும், மாலையில் கோழிகளைக் கூட்டுக்குள் அடைப்பது யாரோ அவரிடம் மட்டுமே கேட்பது என்று வைத்துக்கொண்டேன். இது சின்னப் பாடம். சுலபமாகக் கிடைத்தது. பெரிய பாடம் அப்படிக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு கோழிக்கும் இரண்டு முட்டை கேட்டோம். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. முதலாவதை ஜெல்லில் ஓட்டுவது. ஏதாவது கெட்டுப்போனால் திரும்பப் பார்க்க இரண்டாவதைக் குளிரில் வைத்திருப்பது. முட்டை தருகிற வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தோம்.

முதல் வாரம் நாங்கள் போனபோது எல்லா வீட்டிலும் முட்டை தயாராக இருந்தது. எந்தக் கோழியுடையது என்று தயங்காமல் சொன்னார்கள். நான் நல்ல பேர் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் முகங்கள் மாறியிருந்தன. "இன்னும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் வர நேரமானது. சின்னதாக, மங்கலான நிறத்தில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கொடுக்க மனமில்லாமல் என் கையில் வைத்தார்கள். நான் அதை வெயில் அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் முதல் வார முட்டைகளை முருகையன் கழுவினார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இத்த கொஞ்சம் பாருங்க. தண்ணி டீ மாதிரி எறங்குது."

"கூட்டு அழுக்கா இருக்கும் அண்ணே."

"அழுக்குன்னா அடியில மண்ணு தங்கும். இது சாயம் எறங்கற மாதிரி எறங்குது."

"நேரமாகுது அண்ணே. கழுவிக் குடுங்க."

அவர் கழுவிக் கொடுத்தார். நான் ஓட்டினேன். சாயம் கழுவிப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒப்பிடுவதற்காக ஓரத்தில் பண்ணை வெள்ளைக்கோழியின் முட்டையை வைத்திருந்தேன். அந்த ஊரின் முட்டைகள் கிட்டத்தட்ட எல்லாமே அதைப் போலவே கோடு காட்டின. வரிசை வரிசையாக ஒரே மாதிரி. வேறுபாடே இல்லை.

என் கண் ஒன்று சொன்னது, ஜெல் வேறொன்று சொன்னது. அப்போது நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கொண்டையும் மொட்டைக் கழுத்தும் ஒன்றிரண்டு மரபணுக்களால் வருபவை, வெளித்தோற்றம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, உள்ளே எப்போதோ பண்ணைக் கோழி கலந்துவிட்டது என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவர் யார் கேட்டாலும் தலையாட்டும்படியான விளக்கம். உங்களுக்கும் இப்படி அழகான விளக்கங்கள் தோன்றும். தோன்றும்போது கொஞ்சம் பயப்படுங்கள்.

தலைமை அதிகாரி தினமும் அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தார். அவரை மேலே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முட்டைகளைத் தொடாமலே அறிக்கையை முடித்தேன். அந்த ஊரைப் பற்றி, 'ஏற்கெனவே கலந்துவிட்டது. தனித்தன்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த ஒரு வரியின் பலம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போது சேவல் மாற்றுத் திட்டம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஊரில் உள்ள நாட்டுச் சேவல்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பண்ணையில் வளர்ந்த வெள்ளைச் சேவல்களைக் கொடுப்பார்கள். அவற்றுக்குப் பிறக்கும் பெட்டைகள் அதிக முட்டை இடும், வீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு கிடைக்கும் என்பது எண்ணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தனித்தன்மை உள்ள ஊர்களை விட்டுவிட்டு, கலந்துபோன ஊர்களில் மட்டும் மாற்றுவதாக முடிவாகியிருந்தது. எது எந்த ஊர் என்பதை என் அறிக்கையைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். வாங்குகிற நாட்டுச் சேவல்கள் அன்றே கறிக்குப் போய்விடும்.

அந்த ஊருக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

புதன்கிழமை எனக்குப் பெரிதாக வேலை இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் பனி ஏறிப்போயிருந்ததால் காலி செய்யத் தொடங்கினோம். இரண்டாவது முட்டைகளைத் தூக்கிப் போடவா என்று முருகையன் கேட்டார். போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், புதிதாக வந்திருந்த ஸ்டார்ச் மாவைச் சோதித்தாற்போலவும் இருக்கும் என்று, அந்த ஊர் முட்டைகள் கொஞ்சத்தையும் நாங்கள் பார்த்த இன்னொரு ஊரான ஒதியம்பட்டின் முட்டைகள் கொஞ்சத்தையும் எடுத்து ஓட்டிவைத்தேன். பெரிய அறிவியல் உணர்வு ஒன்றும் இல்லை. மாவு நல்லதா என்று பார்க்க ஆசை.

வியாழன் காலை ஜெல்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். அந்த ஊர் முட்டைகளில் ஒன்றின் கோடு போல இன்னொன்றுக்கு இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, சிலவற்றில் இரட்டையாக. பண்ணைக்கோழி மாதிரி ஒன்றுகூட இல்லை. அதே கோழிகள், அதே எண்கள். முதல் முட்டைக்கும் இரண்டாவது முட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு கோழி இப்படி இரண்டு விதமாக முட்டை வைக்க முடியாது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். எண்களை மாற்றி எழுதிவிட்டேனா? குறிப்பேட்டை வைத்துக்கொண்டு ஜெல்லின் ஒவ்வொரு வரிசையாக எடுத்துச் சரிபார்த்தேன். எண் சரியாக இருந்தது. மாவு கெட்டதா? அதே ஜெல்லில் ஓட்டிய ஒதியம்பட்டு முட்டைகள் பழைய கோடுகளையே அச்சாகக் காட்டின. மிஞ்சியது ஒன்றுதான். முட்டையே வேறு.

"அண்ணே, அன்னைக்கு டீ மாதிரின்னு சொன்னீங்களே..."

"சொன்னன். நீங்க நேரமாவுதுன்னிங்க." குத்திக்காட்டாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். "அது டீயேதான்மா. மோந்துகூடப் பாத்தன்."

அடுத்த பஸ்ஸில் பாகூர் போனேன். கடைத்தெருவில் முட்டை மொத்தமாக விற்பது ஒரே ஒரு கடை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நிதானமான மனிதர். பண்ணை முட்டை விற்கிறீர்களா, யார் வாங்குவார்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க கோழி டாக்டரம்மாதானே? நேரா கேளுங்கம்மா. நீங்க அந்த ஊருக்கு வரப்போறீங்கன்னு தெரிஞ்சதும் அங்கத்திப் பொம்பளைங்க வந்து, இருக்கறதுலயே சின்ன வெள்ள முட்டையாப் பொறுக்கி வாங்கினாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டன். ஆபீஸுக்குக் குடுக்கன்னாங்க."

"அடுத்த வாரமும் வாங்கினாங்களா பாய்?"

"வந்தாங்க. எங்க குடுக்கறது? பண்ணை வண்டி ரிப்பேருன்னு அந்த வாரம் சரக்கே வரல. வெறுங்கையோட திரும்பிப் போனாங்க."

எனக்கு அந்த ஊர்ப் பெண்களின் இரண்டாம் வார முகங்கள் அப்போதுதான் புரிந்தன.

அங்கிருந்து ஊருக்குப் போனபோது உச்சி வெயில். செங்கேணி வரப்பில் உட்கார்ந்து கூட வேலை செய்த இரண்டு பெண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, முதல்ல குடுத்த முட்டை பாய் கடை முட்டை. டீயில ஊறவச்சுக் குடுத்திருக்கீங்க."

மூவரும் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். செங்கேணி சிரிக்கவில்லை.

"நான்தான் சொன்னன். கடலூர் சந்தையில அப்டிப் பண்றத பாத்திருக்கன். கோவமா?"

"கோவமில்ல. ஏன்னு சொல்லுங்க."

"முட்டையப் பாத்தே எது நல்ல கோயின்னு கண்டுபுடிச்சிருவாங்களாம், பொறவு ஜீப்ல வந்து அந்தக் கோயிய புடிச்சினு போயிருவாங்களாம்னு பேசிக்கினாங்க. அடைக்கு வெச்ச முட்டைய எடுத்துக் குடுத்துட்டு, கோயியையும் குடுத்துட்டு, நாங்க இன்னா பண்றது? நல்ல கோயி இருக்கற வூட்டுலதான் மொதல்ல டீ போட்டம்."

அவர் பயந்தது முழுக்கப் பொய்யும் இல்லை. மறுநாள் ஜீப் வரத்தான் போகிறது. அதை வரவழைத்தது என் அறிக்கை. நல்ல கோழியை ஒளித்த வீடுகள்தான் என் கணக்கில் ஒன்றுமில்லாத வீடுகள் ஆகியிருந்தன. நான் அதை அப்படியே சொன்னேன். அறிக்கையைப் பற்றி, சேவல் மாற்றுவதைப் பற்றி, அந்தச் சேவல்கள் எங்கே போகும் என்பதைப் பற்றி. சேவல் மாற்றுவது அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. கொம்யூன் ஆபீஸ் ஆள் வந்து ஆண்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பெண்களை யாரும் கேட்கவில்லை.

"அந்த வெள்ளச் சேவலு கூட்டுல வளந்தது. கீரி வந்தா ஓடத் தெரியுமா அதுக்கு? அதுக்குப் பொறக்கற பொட்ட அடையிலதான் உக்காருமா?" என்றார் செங்கேணி. வெள்ளைப் பெட்டைகள் அடைகாக்காது என்று நான் கல்லூரியில் படித்ததை அவர் கேள்வியாகக் கேட்டார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ இன்னாத்துக்கு மொகத்த இப்டி வெச்சிக்கினு இருக்கற? நல்ல சேவலயெல்லாம் கரும்புக் கொல்லையில ஒளிச்சிடறம். கெழடு, நொண்டி நாலு இருக்கு, அத்தக் குடுக்கறம். நீ வாயத் தொறக்காத. உன் வேலையும் போவாது, எங்க சேவலும் போவாது."

எவ்வளவு எளிமையான வழி! நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். யாருக்கும் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன் என்று நான் பாய்ந்து சொல்லிவிடவில்லை. என் நீட்டிப்பு ஞாபகம் வந்தது. ஊரில் அம்மாவுக்கு என் சம்பளம் வேண்டியிருந்தது.

ஆனால் சேவலை ஒளிக்கலாம், அறிக்கையை ஒளிக்க முடியாது. இந்த ஊரில் ஒன்றுமில்லை என்று எழுதியது எழுதியபடியே இருக்கும். அடுத்த வருடமும் அதைப் பார்த்து ஒரு ஜீப் வரும். அடுத்த ஆய்வாளர் அதை நம்பி இந்தப் பக்கமே வராமல் போவார். ஒவ்வொரு தடவையும் இவர்கள் கொல்லைக்குள் சேவலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

"ஒளிக்காதீங்க அக்கா. நாளைக்கு எல்லாச் சேவலையும் வெளியே கொண்டாங்க. நான் நிறுத்துறேன்."

"உன்னால முடியுமா?"

"முடியும்" என்றேன். முடியுமா என்று எனக்குத் தெரியாது.

பாகூர் கொம்யூன் ஆபீஸுக்குத் திரும்பி ஓடினேன். தலைமை அதிகாரி ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். அவருக்கு டிரங்க் கால் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்கவேயில்லை. ஆபீஸில் இருந்தவர் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம சாயங்காலம்தான் திரும்பி வருவாராம்" என்றார். ஜீப்போ வெள்ளிக்கிழமை காலையில்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தெருவில் நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. பெண்கள் என் பேச்சை நம்பிவிட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு சேவல். மயில் நிறம், கீரி நிறம், செவலை. செங்கேணியின் மொட்டைக் கழுத்துச் சேவல் அவர் கையிடுக்கிலிருந்து தலையை நீட்டி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூட நொண்டி இல்லை. ஊரின் மொத்தச் செல்வத்தையும் நான் தெருவுக்குக் கொண்டுவர வைத்திருந்தேன். இன்றைக்கு நான் தோற்றால், ஒளித்திருந்தால் பிழைத்திருக்கும் சேவல்களும் போய்விடும்.

ஜீப் வந்தது. பின்னால் கூடைகளில் வெள்ளைச் சேவல்கள் வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. திட்டத்தின் பொறுப்பாளர் ஐம்பது வயதுக்காரர். நேர்மையானவர் என்று பெயர். ஆனால் கையில் எடுத்த வேலையை யாருக்காகவும் நிறுத்த மாட்டார்.

"சார், இன்னைக்கு இந்த ஊர்ல மாத்தக் கூடாது. ரிப்போர்ட் தப்பு."

"எந்த ரிப்போர்ட்டு?" என்று கேட்டுவிட்டுக் கோப்பைத் திறந்து காட்டினார். "இதுவா? கீழ கையெழுத்து உங்களுதும்மா."

"ஆமா சார். நான்தான் எழுதினேன். நான்தான் தப்பு."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முதல் முட்டை, இரண்டாவது முட்டை, பாய் கடை, டீ. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க மேலதிகாரி இன்னா சொன்னார்?"

"அவருக்கு இன்னும் தெரியாது சார்."

"இரண்டாவது முட்டதான் சரின்னு உறுதியா சொல்லுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜெல்.

"மொதல் முட்டை தப்புன்னு உறுதியா சொல்லுவேன் சார். இரண்டாவதைத் திரும்ப எடுத்துப் பாக்கணும். அதுக்கு ரெண்டு வாரம் வேணும். ரெண்டு வாரம் கழிச்சும் நீங்க சேவல் மாத்தலாம். ஆனா இன்னைக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னா, ரெண்டு வாரம் கழிச்சு நான் வேணும்னு கேட்டாலும் இந்தச் சேவலுங்க இருக்காது."

அவர் கூடைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெண்கள் வரிசையைப் பார்த்தார்.

"வாய்ப்பேச்சுக்கெல்லாம் நான் திரும்பிப் போக முடியாதும்மா. தப்புன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? நாளைக்கு என்னக் கேட்டா நான் அந்தக் காயிதத்தத்தான் காட்டுவன். உங்களக் காப்பாத்த மாட்டன்."

ஜீப்பின் முகப்பு கொதித்தது. அதன்மேல் குறிப்பேட்டைப் போட்டு எழுதினேன். 'என் அறிக்கையில் இந்த ஊர் பற்றிய முடிவு தவறானது. பொறுப்பு என்னுடையது.' அதற்குமேல் ஒரு வார்த்தைகூட எழுதத் தோன்றவில்லை. ஊர்ப் பெண்களின் டீயைப் பற்றி அதில் எழுதவில்லை. முட்டையைச் சரிபார்க்காதது நான்தானே.

அவர் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வெயில்ல இதுங்கள வெச்சிக்கினு நிக்க முடியாது. லிஸ்ட்டுல அடுத்த ஊரு எதுப்பா?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். ஜீப் திரும்பியது. அவ்வளவுதான். தெருவில் எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், இடுப்பிலிருந்த சேவல்களும் சேர்ந்துகொண்டன. நான் ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை தலைமை அதிகாரியின் அறையில் நின்றபோதுதான் உண்மையாகவே பயந்தேன். பொறுப்பாளர் வழியாக என் காகிதம் எனக்கு முன்னாலேயே அவர் மேசைக்கு வந்துவிட்டிருந்தது. இரண்டு ஜெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இரண்டாவது முட்டைய ஏன் அப்பவே ஓட்டல?"

"அவசரமா முடிச்சேன் சார்."

"யாருக்கு அவசரம்?"

எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை. "உங்களுக்குத்தான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அதுவும் உண்மைதான்" என்றார் கடைசியில். "ரெண்டு வாரம் தரேன். இந்தத் தடவ முட்டைய யார் கையிலயும் வாங்காதே. கோழி வைக்கிறத நீயே பார்த்து எடு."

அந்த இரண்டு வாரம்போல என் வேலைக் காலத்தில் வேறு எப்போதும் நான் சும்மா உட்கார்ந்ததில்லை. நானும் முருகையனும் வீடு வீடாகப் போய்க் கோழி முட்டை வைக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்தோம். நாங்கள் பார்த்தால் கோழி எழுந்து போய்விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டும். ஊரே வந்து எங்களை வேடிக்கை பார்த்தது. "ரெண்டு ஆபீஸரு ஒரு கோயிக்குக் காவலு" என்று ஒருத்தி சொல்ல, அதையே எல்லாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அடைக்கு என்று வைத்திருந்த முட்டைகளைக்கூட, இது இன்ன கோழியுடையது என்று அவர்களே எடுத்துக் காட்டினார்கள். நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை என்று தெரிந்த பிறகு அவர்களும் ஒளிக்கவில்லை.

முடிவு, இரண்டாவது முட்டை சொன்னதேதான். நாங்கள் பார்த்த ஊர்களிலேயே அதிக வேறுபாடு அந்த ஊரில்தான் இருந்தது. அறிக்கையைத் திருத்தினோம். சேவல் மாற்றும் பட்டியலிலிருந்து அந்த ஊரை எடுத்தார்கள். என் நீட்டிப்பும் வழக்கம்போல், வழக்கமான தாமதத்தோடு வந்தது. திருத்திய அறிக்கையில், முட்டை கழுவிய நீரில் சாயம் இறங்கியதை முதலில் கவனித்தவர் என்று முருகையனின் பெயரை எழுதினேன். அட்டெண்டர் பெயர் அறிக்கையில் எதற்கு என்று தட்டச்சர் கேட்டார். தலைமை அதிகாரி இருக்கட்டும் என்றார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தப்பு செய்வீர்கள், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. தப்பு என்று தெரிந்த அன்று உங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தால், எதைப் பின்னால் திருத்த முடியுமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். சான்று முழுதாகக் கைக்கு வரும்வரை காத்திருக்க எல்லா நேரமும் இடம் இருக்காது. தெரிந்தது எவ்வளவோ அவ்வளவை மட்டும் சொல்லுங்கள், ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள்.

முடிவு வந்த அன்று அதைச் சொல்ல நானே ஊருக்குப் போனேன். ஜெல்லைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் காட்டி, இந்தக் கோடு உங்கள் கோழி, இந்தக் கோடு இவர்கள் கோழி என்று செங்கேணியிடம் விளக்கினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப எங்க சேவலு எங்களுதுதானே?"

"உங்களுதுதான் அக்கா."

"ஜீப்பு வராது?"

"வராது."

"இத்தச் சொல்லவா இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்த? உக்காரு, சாப்ட்டுட்டுப் போ."

சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாதவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏம்பலம் வந்தது வரை நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ என் தோளைத் தட்டினார்கள். கண்டக்டர். வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லை. வெளியே புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு.

"எம்மா, வில்லியனூரு போயி அரமணி நேரம் ஆவுது. நாலு தரம் எழுப்பிப் பாத்தன். இன்னா தூக்கம்மா இது!"

நான் சிரித்துக்கொண்டே இறங்கி, எதிர்ப்பக்கம் போய், திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றேன்.